ஷார்ட்ஸ் தேடிய ஐந்து வாரம்

மார்ச் 2, ஞாயிறு

இன்று சைக்கிளில் 46 கிலோமீட்டர். கால் வலிக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. ஆனாலும் கடைசிப் பத்து கிலோமீட்டரில் சீட்டில் உட்கார முடியாமல் பாதி தூரம் பெடல்மேல் நின்றே வந்தேன். வீட்டுக்கு வந்து குளிக்கும்போது தண்ணீர் பட்டதும் இடது தொடை இடுக்கில் சுரீர் என்றது. பார்த்தால் கோடு கிழித்ததுபோலச் சிவப்பாக ஒரு தடம், சுண்டுவிரல் நீளத்துக்கு. கழற்றிப் போட்ட துணிகளை எடுத்து அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். உட்காரும் இடத்தில் பஞ்சு மெத்தை (பேட்) வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் போட்டிருந்த ஜட்டியின் ஓரத் தையல் அச்சு அசலாக அங்கேதான் ஓடுகிறது.

இரண்டு மாதமாக “போகப் போகப் பழகிவிடும்” என்று பொறுத்துக்கொண்டிருக்கிறேன். இனிமேல் பொறுப்பதாக இல்லை. சரியான ஷார்ட்ஸ் கிடைக்கும்வரை நடப்பதையெல்லாம் இங்கே எழுதப் போகிறேன். இந்த வலியை வெளியே சொல்ல வெட்கப்பட்டே சைக்கிளை மூலையில் சாத்திவிட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

மார்ச் 4, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு ஓட்டும் அக்காவுக்குப் போன் செய்தேன். நீண்ட தூரம் ஓட்டிப் பல வருடம் பழகியவர்.

“பேட் வைச்ச ஷார்ட்ஸுக்குள்ள ஜட்டி எதுக்குடி போட்ட? உனக்கு யாருமே சொல்லலையா?”

“யாரும் சொல்லலைக்கா. நானும் கூச்சப்பட்டுக் கேக்கலை.”

“முதல்லயே என்கிட்ட கேட்டிருக்கலாம்ல. சரி, எங்க வலிக்குது, எப்படி வலிக்குதுன்னு தனித்தனியாச் சொல்லு.”

இப்படி ஒருவர் கேட்ட பிறகுதான் எனக்கே பிரித்துப் பார்க்கத் தோன்றியது. ஒன்று, தொடை இடுக்கில் உரசல். இரண்டு, உட்காரும் எலும்புகள் இரண்டிலும் அடிபட்டதுபோல ஒரு வலி. மூன்று, எப்போதாவது முன்பக்கம் மரத்துப்போவது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு என்றார். உரசலுக்குத் துணியும் தையலும் ஈரமும் காரணம். எலும்பு வலிக்கு பேடும் சீட்டின் அகலமும். மரத்துப்போனால் ஷார்ட்ஸை மாற்றிப் பயனில்லை, முதலில் சீட்டைத்தான் பார்க்க வேண்டும். சீட்டின் மூக்கு மேல்நோக்கித் தூக்கியிருந்தால் எலும்பு தாங்க வேண்டிய பாரம் நடுவில் இருக்கும் மென்மையான சதையில், நரம்பில் போய் விழும். இன்று மாலை மட்டப்பலகையை வைத்துப் பார்த்தேன், என் சீட் மேல்நோக்கித்தான் இருந்தது. சமமாக இறக்கிவிட்டேன்.

ஜட்டி விஷயம் எளிமையானது. பேட் நேராகத் தோல்மேல் படிவதற்கென்றே செய்யப்பட்டது. இடையில் பருத்தித் துணி புகுந்தால் அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், ஊறிய தோல் சீக்கிரம் உரியும். அதன் தையலும் மடிப்பும் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தேய் தேய்க்கும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 4,800 முறை. என் தொடையில் இருந்த கோட்டுக்குக் கணக்கு கிடைத்துவிட்டது.

மார்ச் 8, சனி

அளவெடுத்தேன். இத்தனை நாளும் சாதாரண உடுப்புக்கு S, M, L என்று என்ன எழுத்தோ அதே எழுத்தில்தான் ஷார்ட்ஸும் வாங்கியிருந்தேன். இன்று இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பு, பின்பக்கம் அகலமாக இருக்கும் இடம், தொடை மூன்றையும் அளந்தேன். இடுப்புக்கு ஒரு அளவு வருகிறது, தொடைக்கு அதற்கு அடுத்த அளவு வருகிறது. அப்படி வந்தால் தொடையை வைத்து முடிவு செய் என்கிறார் அக்கா. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. மிதிக்கும்போது வேலை செய்வது தொடைதானே.

அடுத்து எலும்பு அளவு, அதாவது உட்காரும் எலும்புகள் இரண்டுக்கும் இடையிலான தூரம். கெட்டியான மர நாற்காலியில் அட்டைப்பெட்டி அட்டை ஒன்றைப் போட்டு, மெல்லிய துணி உடுத்தி அதன்மேல் உட்கார்ந்து, கால்களை உயர்த்தி வைத்து, முன்னால் நன்றாகக் குனிந்து ஒரு நிமிடம் இருந்தேன். எழுந்து அட்டையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் இரண்டு பள்ளம். விரலை வைத்துத் தடவினால் தெளிவாகவே தட்டுப்படுகிறது. இரண்டின் நடுவிலும் பேனாவால் புள்ளி வைத்து அளந்தேன். 132 மில்லிமீட்டர். என் சீட்டின் அகலம் 155. எலும்பு அளவைவிட இருபது, இருபத்தைந்து கூடுதலாக இருந்தால் போதும் என்பதால் சீட்டில் குறையில்லை.

பிறகு பழைய ஷார்ட்ஸை உள்பக்கம் திருப்பி, பேடை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். எலும்புக்கென்று தடிப்பாக வைத்த பஞ்சு நடுவோடு முடிந்துவிடுகிறது. என் எலும்பு அமரும் இடத்தில் வெறும் ஓரம்தான். முன்பக்கம் நீளமாக, நடுவில் ஒரு பள்ளத்தோடு போகிறது. ஆண்களுக்கான பேட் இது. பெண்களுக்கானது பின்னால் அகலமாகவும் முன்னால் குட்டையாகவும் இருக்கும். வாங்கிய நாளில் இதைப் பார்க்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பேடைப் பற்றித் தேடிப் படித்ததில் பிடித்தது ஒன்று. இதற்கு ‘ஷாமி’ என்றும் ஒரு பெயர் உண்டு. ஆல்ப்ஸ் மலையின் ஷாமுவா என்ற காட்டாட்டின் பெயர் அது. ஒரு காலத்தில் கம்பளி ஷார்ட்ஸுக்குள் மென்மையான தோலைத்தான் வைத்துத் தைத்தார்கள். துவைத்துக் காயவைத்தால் தோல் விறைத்துவிடும், அதை இளக்கத்தான் கிரீம் பூசத் தொடங்கினார்கள். இன்று செயற்கை இழையும் நுரைப்பஞ்சும் வந்த பிறகும் கிரீம் நிலைத்துவிட்டது, இப்போது உரசலைக் குறைக்க. துணியின் கதை தனி: 1958-இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த இழைதான் பின்னாளில் லைக்ரா என்று பெயர் பெற்றது. கம்பளி தொளதொளவென்று தொங்கிய இடத்தில், உடம்போடு ஒட்டி நிற்கும் துணி அதனால்தான் வந்தது.

மார்ச் 15, சனி

மூன்று ஷார்ட்ஸ் வரவழைத்தேன். பிடிக்காததைத் திருப்பி அனுப்பலாம். அறையில் சைக்கிளைச் சுவரோடு சாத்தி நிறுத்தி, சுகாதாரத்துக்காக மெல்லிய உள்ளாடைமேல் ஒவ்வொன்றாகப் போட்டு, ஏறி உட்கார்ந்து, ஹேண்டிலைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். நின்றுகொண்டு பார்ப்பதில் பயனே இல்லை. நிற்கும்போது சொகுசாக இருந்தது குனிந்ததும் பின்னிடுப்பில் கீழே இறங்கிவிடுகிறது.

முதலாவது, தலையணைபோலத் தடித்த பேட். கையில் எடுத்ததும் மனம் அதற்கே போனது. சீட்டில் உட்கார்ந்ததும் பஞ்சு அமுங்கி, பிதுங்கி, இரண்டு தொடைக்கும் நடுவில் மடிந்து நின்றது. ஐம்பது கிலோமீட்டருக்கு அந்த மடிப்பு என்ன செய்யும் என்று யோசிக்கவே வேண்டாம். தடிமன் வேறு, அடர்த்தி வேறு. எலும்பைத் தாங்குவது அடர்த்திதான். சில தயாரிப்பாளர்கள் கனமீட்டருக்கு 80 கிலோ, 120 கிலோ என்று அடர்த்தியைக் குறிப்பிடுகிறார்கள். வாங்குகிறவர்கள் தேட வேண்டிய எண் அது.

இரண்டாவதில் பேட் அருமை. ஆனால் இடுப்பு எலாஸ்டிக் குனிந்ததும் வயிற்றை அறுத்தது. தொடை முனையில் ரப்பர் பட்டை சதையைப் பிதுக்கி வளையமாக நின்றது. ஒரு அளவு பெரிதாக எடுத்தால் அது சரியாகும், ஆனால் பேட் தளர்ந்து நகரும். நகர்ந்தால் உரசும்.

மூன்றாவது பிப் ஷார்ட்ஸ், தோளில் மாட்டும் பட்டை வைத்தது. போட்டு நின்றபோது பட்டை தோளைக் கீழே இழுத்தது, சின்ன அளவோ என்று நினைத்துக் கழற்றப் போனேன். எதற்கும் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம் என்று ஏறிக் குனிந்தேன். இழுப்பு போய்விட்டது. வயிற்றில் அழுத்தம் இல்லை. துணியைக் கிள்ளி இழுத்தால் கையோடு வராமல் உடனே தோலில் போய் ஒட்டியது. பின்னோக்கிப் பத்து மிதி மிதித்தேன். தொடை போகும் இடமெல்லாம் துணியும் போனது, பேட் இருந்த இடத்திலேயே இருந்தது. விரலால் தேடினேன், அட்டையில் வைத்த அந்த இரண்டு புள்ளிகளும் தடித்த பகுதியின் நடுவில் வந்து விழுகின்றன. தையல்கள் தட்டையாக இருந்தன. பேடுக்குள் குறுக்கே ஓடும் தையல் ஒன்றுகூட இல்லை.

கழிப்பறைக்குப் போவதென்றால் மேல்சட்டையையும் கழற்ற வேண்டும், பிப்பில் அது ஒரு சிரமம்தான். முதுகில் கொக்கி வைத்து அவிழ்க்கும் மாதிரிகள் உண்டு. எனக்கு வந்தது அப்படி இல்லை. ஏற்றுக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

38 கிலோமீட்டர். உள்ளே எதுவும் போடவில்லை. கிளம்பும்போது கூச்சமாக இருந்தது, முதல் திருப்பத்திலேயே மறந்துவிட்டது. எலும்பு வலி பெருமளவு குறைந்திருக்கிறது. மரத்துப்போகவே இல்லை. இடது தொடையில் மட்டும் லேசான சிவப்பு.

மார்ச் 19, புதன்

துவைப்பது பற்றி அக்கா சொன்னவை. ஓட்டி முடித்ததும் கழற்றிவிட வேண்டும், ஈர ஷார்ட்ஸோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் மயிர்க்கால்களில் கிருமி சேர்ந்து கொப்புளம் வரும். உள்பக்கம் திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், குறைவான சோப்பில் அலச வேண்டும். வாசனைக்கும் மென்மைக்கும் ஊற்றும் கண்டிஷனர் கூடவே கூடாது, அது இழைமேல் படிந்து வியர்வையை வெளியே விடாமல் செய்துவிடும். முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தினால் போதும். சூடு லைக்ராவுக்கு எதிரி, அதனால் நிழலில் உலர்த்த வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

இன்றும் இடது பக்கம் மட்டும் சிவப்பு. ஷார்ட்ஸ்மேல் குற்றம் என்றால் இரண்டு பக்கமும்தானே சிவக்க வேண்டும்? அக்காவைப் பின்னால் ஓட்டிவந்து பார்க்கச் சொன்னேன். “உன் இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுதுடி, இடது பக்கம் ரொம்பவே. கால் எட்டலை உனக்கு” என்றார். சீட் உயரமாக இருந்தால் கீழ் மிதியை எட்டிப் பிடிக்க இடுப்பு சரியும், சரியும் பக்கம் தேயும். அங்கேயே நின்று 6 மில்லிமீட்டர் இறக்கினோம். பழைய உயரத்தை மறக்காமல் இருக்கக் குழாயில் டேப் ஒட்டி வைத்தேன்.

மார்ச் 26, புதன்

24 கிலோமீட்டர். சிவப்பு இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

82 கிலோமீட்டர்! கிளம்புமுன் தொடை இடுக்கில் கிரீம் கொஞ்சம் பூசிக்கொண்டேன். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடல்மேல் எழுந்து நின்று ரத்தம் ஓட விட்டேன். அறுபதாவது கிலோமீட்டரில் கால் கெஞ்சியது, எதிர்காற்று வேறு. உட்காரும் இடத்தைப் பற்றி ஒருமுறைகூட நினைவு வரவில்லை. அப்படி நினைவு வரவில்லை என்பதே வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் உறைத்தது.

குளிக்கும்போது கண் தானாக இடது தொடைக்குப் போனது. தோல் தோலாகவே இருந்தது. அக்காவுக்குப் போன் செய்தேன், எடுத்ததும் “சிவந்திருக்கா?” என்றுதான் கேட்டார்.

“இல்லக்கா.”

“அப்ப இன்னொன்னு வாங்கிடு. ஈரமா இருக்கேன்னு ஒருநாள் பழசை எடுத்து மாட்டிடுவ.”

அதே அளவில், அதே மாதிரியில் இன்னொன்றுக்குச் சொல்லியாயிற்று. இன்றையது அலசிக் கொடியில் கிடக்கிறது, பேட் வெளிப்பக்கமாக.