நல்ல கண்ணுக்குத்தான் ஒட்டு

"நல்லா இருக்கிற கண்ணைப் போய் மூடி வச்சிருக்காங்களே, இது என்ன வைத்தியம்?"

கண் மருத்துவமனையில் பக்கத்து நாற்காலிப் பாட்டி மருமகளிடம் கேட்டார். பேத்திக்கு நாலு வயசு இருக்கும். வலது கண்ணில் தோல் நிற ஒட்டு, அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவில் பூனை மீசை. நகத்தால் ஓரத்தை நைசாகப் பிரிப்பாள். அம்மா திரும்பினால் கையை எடுத்துவிடுவாள்.

பாட்டி கேட்டது நியாயமான கேள்வி.

பேத்திக்கு இருப்பது 'சோம்பேறிக் கண்', அதாவது ஒரு கண்ணில் பார்வை மந்தம். இதில் பெரும்பாலும் கண்ணுக்குள் நோய் எதுவும் இருக்காது. ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகம், அல்லது மாறுகண். அந்தக் கண் அனுப்பும் படத்தை மூளை மெல்ல ஒதுக்கிவிடுகிறது. முதலில் கண்ணாடி. அது போதாவிட்டால் நல்ல கண்ணை மூடி, ஒதுக்கப்பட்ட கண்ணுக்கு வேலை கொடுப்பது. நடுத்தரப் பாதிப்புக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 2 மணி நேரம், கடுமையானதுக்கு 6. ஒட்டே வேண்டாம் என்று அடம்பிடித்தால், அட்ரோபின் சொட்டு மருந்து விட்டு நல்ல கண்ணை மங்கலாக்குவதும் உண்டு.

எனக்கு எரிச்சல் 'மாறுகண் அதிர்ஷ்டம்' என்ற பேச்சில்தான். யாருக்காம்?

7 வயதுக்குள் சிகிச்சை நன்றாகப் பிடிக்கும். அப்புறம் பாடு அதிகம்.

குழந்தை தானாகச் சொல்லாது. இன்னொரு கண்ணில்தான் நன்றாகத் தெரிகிறதே. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுதால், உடனே காட்டிவிடுங்கள். எழுத்து தெரிய வேண்டும் என்றுகூட இல்லை, ரெட்டினோஸ்கோப் என்ற கருவியின் வெளிச்சத்தை வைத்தே பவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.