அப்பா பெயரிலிருந்த வீட்டு வரியை மாற்றியபோது தெரிந்துகொண்டவை

சென்னையில் ஒருவர் இறந்துபோனால் அது மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. ஆனால் அதே மாநகராட்சியின் சொத்து வரிக் கணக்கில் அவர் பெயர்தான் தொடர்ந்து இருக்கும். குடிநீர் வாரியம், மின்வாரியம், தாலுகா அலுவலகம் எல்லாவற்றிலும் அப்படித்தான். ஒவ்வொரு இடத்திலும் நாமே போய் எழுதிக் கொடுக்க வேண்டும். மேற்கு மாம்பலத்தில் அப்பா வாங்கிய வீட்டுக்காக இதையெல்லாம் நானும் அம்மாவும் செய்து முடித்தோம். துக்கத்தில் இருக்கும் வீடுகளில் இதை யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்வதில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் இறப்புச் சான்றிதழ். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே மாநகராட்சிக்குத் தகவல் அனுப்புவார்கள். 21 நாளுக்குள் பதிவானால் கட்டணம் கிடையாது, சான்றிதழை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். எங்களுக்குச் சிக்கல் பெயரில் வந்தது. ராத்திரியில் அவசரமாகச் சேர்த்தபோது, எல்லோரும் கூப்பிடும் சுருக்கப் பெயரைத்தான் மருத்துவமனையில் எழுதியிருந்தார்கள். சான்றிதழிலும் அதே பெயர். பத்திரத்திலும் ஆதாரிலும் இருப்பது முழுப் பெயர். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, பதிவில் உள்ள பிழையைத் திருத்தப் பதிவாளருக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆதார், பத்திர நகல், மருத்துவமனையில் வாங்கிய கடிதம் மூன்றையும் வைத்து மனு கொடுத்தோம், திருத்திக் கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் யாராவது இந்த நிலையில் இருந்தால், மருத்துவமனை இறப்புப் படிவத்தை அனுப்புவதற்கு முன்பே பெயர், இனிஷியல், தகப்பனார் பெயர், முகவரி எல்லாவற்றையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அழுதுகொண்டே பார்த்தாலும் பரவாயில்லை, பாருங்கள்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். மனு தாலுகா அலுவலகத்துக்குப் போகும், வருவாய் ஆய்வாளர் விசாரிப்பார், வட்டாட்சியர் ஒப்புதல் தருவார். கேட்க எளிமையாக இருக்கிறது. யார் யார் பெயரை எழுதுவது என்பதில்தான் எங்கள் வீட்டில் பேச்சு கிளம்பியது.

அம்மா, நான், தம்பி என்று மூன்று பேரை எழுதிவிடலாம் என்றார்கள் உறவினர்கள். என் பெயரே வேண்டாம் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். "கட்டிக் குடுத்த பொண்ணு பேரு எதுக்கும்மா, பின்னாடி உன் தம்பிக்குத்தான் அலைச்சல்" என்று ஒருவர் அம்மாவிடமே சொன்னார். அதைவிட எல்லோரும் மறந்தே போனது பாட்டியை. அப்பாவைப் பெற்றவர், கும்பகோணத்தில் சித்தப்பா வீட்டில் இருக்கிறார். "வயசான காலத்துல அவங்களை எதுக்கு இழுக்கறீங்க" என்றார்கள்.

எங்களைப் போன்ற இந்துக் குடும்பங்களில் உயில் எழுதாமல் இறந்தால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும். அதில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருமே முதல் வகுப்பு வாரிசுகள். மகளுக்குத் திருமணமாகிவிட்டதா என்ற கேள்வியே அங்கே இல்லை. தாய் உயிரோடிருந்தால் அவருக்கும் மனைவி, பிள்ளைகளுக்குச் சமமான பங்கு உண்டு. அவரை விட்டுவிட்டுச் சான்றிதழ் வாங்கினால் அது பொய்யான உறுதிமொழி. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பாட்டி தன் பங்கைப் பற்றி எதுவும் எழுதிவைக்காமல் போய்விட்டால் அந்தப் பங்கு சித்தப்பா, அத்தை, நாங்கள் என்று பிரியும். பிறகு வீட்டை விற்கவோ கடன் வாங்கவோ போனால் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இன்று ஒரு பெயரை விட்டு மிச்சம் பிடிக்கும் நேரத்தைப் பத்து வருஷம் கழித்து நம் பிள்ளைகள் கோர்ட்டில் செலவு செய்வார்கள்.

நான் கும்பகோணம் போய்ப் பாட்டியின் ஆதார் நகலை வாங்கி வந்தேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "எம் பையனுக்கு நான் வாரிசா" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். மகனைப் பறிகொடுத்த தாயிடம் அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசுவது லேசான வேலையில்லை. ஆனாலும் பேசியது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சான்றிதழ் நான்கு பெயர்களோடு வந்தது.

அது கைக்கு வந்த பிறகு மாநகராட்சி வேலை வேகமாக நடந்தது. மண்டல அலுவலகத்தின் வருவாய்ப் பிரிவில் பெயர் மாற்ற மனு, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பத்திர நகல், கடைசியாகக் கட்டிய வரி ரசீது. பாக்கி இருக்கக் கூடாது. வரி அரையாண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும். முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அப்பா அதைத் தவறவிட்டதே இல்லை, அதனால் எங்களுக்குப் பாக்கியும் இல்லை. ரசீதில் உள்ள மண்டலம், வட்டம், பில் எண், துணை எண் நான்கையும் மனுவில் எழுதிவிடுங்கள், தேடுகிறவருக்கு வேலை குறையும்.

அம்மா பெயருக்கு மட்டும் மாற்ற வேண்டுமென்றால் மற்றவர்கள் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தரவேண்டும் என்றார்கள். நாங்கள் நான்கு பெயரையும் போடச் சொன்னோம். வரி ரசீது வீட்டின் உரிமைக்கு ஆதாரம் கிடையாது. அதில் ஒருவர் பெயர் இருப்பதால் வீடு அவருக்குச் சொந்தமாகிவிடாது. அம்மா பெயரிலேயே வீடு இருக்க வேண்டுமென்றால் நாங்கள் மூவரும் எங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுப்பதாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுக்க வேண்டும். அது பாட்டியும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு.

அலுவலக வாசலில் ஒருவர் "எல்லாத்தையும் எங்கிட்ட குடுங்க, முடிச்சுத் தர்றேன்" என்று பின்னாலேயே வந்தார். உள்ளே இருந்த வயதான ஊழியர் அதைப் பார்த்திருப்பார் போல. அம்மாவைக் கூப்பிட்டு, "அம்மா, ஒரிஜினல் பத்திரத்த யார் கையிலயும் குடுத்துட்டுப் போயிடாதீங்க. காட்டினா போதும், நகல்தான் வாங்குவோம்" என்றார். அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டே இருப்பேன்.

குடிநீர் வாரியம் மாநகராட்சியின் ஒரு பிரிவு என்றுதான் பலரும் நினைக்கிறோம். 1978ஆம் ஆண்டு தனிச் சட்டத்தால் வந்த தனி அமைப்பு அது. ஆனால் அவர்களின் வரி, சொத்து வரிக்காக மாநகராட்சி வீட்டுக்குப் போடும் ஆண்டு மதிப்பை வைத்துத்தான், அதில் 7 சதவீதம். அதனால் முதலில் சொத்து வரியில் மாற்றி, அந்தப் புது ரசீதோடு வாரியத்தின் பகுதி அலுவலகத்துக்குப் போனால் பேச்சு சுருக்கமாக முடிகிறது. மின் இணைப்புப் பெயர் மாற்றத்தை இணையத்திலேயே முடித்தோம்.

பட்டா மட்டும் பாக்கி இருக்கிறது. விடுதலைப் பத்திரம் எழுதுவதாக இருந்தால் அதற்குப் பிறகு பட்டாவுக்குப் போவதுதான் நல்லது, இல்லையென்றால் இரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும். தம்பி கோயம்புத்தூரிலிருந்து பொங்கலுக்கு வருகிறான், பாட்டியையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறோம். அப்போது பேசி முடிவெடுப்போம்.