மாசி, பங்குனி: மஸ்கெலியாக் குறிப்புகள்

2025 பிப்ரவரி 23, ஞாயிறு

திருநெல்வேலியிலிருந்து இலங்கை மலையகத்துக்கு, இந்த மஸ்கெலியாவுக்கு, சபை ஊழியத்துக்கு வந்திருக்கிறேன். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எந்த வீட்டுக்குப் போனாலும் ஜெபத்துக்கு முன்னால் தேத்தண்ணி வந்துவிடுகிறது. பால் கிடையாது. சீனியை உள்ளங்கையில் கொட்டிவிடுவார்கள், அதை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். "வெறுந்தேத்தண்ணிதான், கோவிச்சுக்காதீங்க ஐயா" என்கிறார்கள். உலகத்துக்கே தேயிலை அனுப்புகிற மலை, கொழுந்து பறிக்கிறவர் வீட்டில் பாலுக்கு வழியில்லை. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நேற்று ஒரு பாட்டி இறந்துபோனார். இந்துக் குடும்பம். சாவுச் செலவுக்கு உதவும் மரணாதார சங்கத்திலிருந்து பணம் வந்தது, பாடை தூக்கியவர்களில் பாதிப்பேர் நம் சபை ஆண்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, தப்பு மேளச் சத்தம் கேட்டதும் வந்து நின்றார்கள்.

மார்ச் 1, சனி

அமாவாசை கழிந்து மூன்றாம் நாள், இன்று காமன் கூத்துக்கான கம்பம் ஊன்றினார்கள். திருநெல்வேலியில் எங்கள் பக்கம் நான் இதைப் பார்த்ததே இல்லை. ரதி மன்மதன் கல்யாணம், மன்மதன் சிவனின் தவத்தைக் கலைப்பது, நெற்றிக்கண்ணில் எரிவது, ரதி அழுவது என்று பௌர்ணமிவரை போகிறது. ரதி வேஷம் கட்டுவதும் ஆண்தான். காப்புக் கட்டியவர்கள் அதுவரை கறி, சாராயம் தொடுவதில்லை, ராத்திரியானால் லயம் லயமாகப் போய் ஆடுகிறார்கள்.

மார்ச் 5, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து தொடங்கிவிட்டது, அவர்கள் விரதமும் நம் விரதமும் ஒரே மாதத்தில். ஆராதனை முடிந்ததும் சபையிலுள்ள ஒரு அம்மா வந்து, "மகன் ரதி வேஷம் கட்ட ஆசப்படுறான், வேணாம்னு நீங்க சொல்லுங்க ஐயா" என்றார். அந்தப் பையனுக்கு நல்ல குரல்.

சாயங்காலம் அவனோடு உட்கார்ந்து பேசினேன். காப்புக் கட்டுவது சாமிக்குச் செய்யும் நேர்த்தி, ஞானஸ்நானம் பெற்றவன் அதைச் செய்யக்கூடாது, இதை நான் தெளிவாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் ஊரே கூடுகிற இடத்துக்கு நீ போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவன் தாத்தாவைப் புதைக்கக் குழி வெட்டியவர்கள்தானே அங்கே ஆடுகிறார்கள். அப்புறம் கூத்து வாத்தியாரிடமே இரண்டு பேருமாகப் போனோம். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "காப்பு இல்லாம ரதி ஆட ஏலாது ஐயா. பின்பாட்டு படிக்கட்டும், அதுக்குக் காப்பு வேணாம்" என்றார். பையன் முகம் கொஞ்சம் வாடியது, ஆனாலும் சரி என்றான்.

மார்ச் 14, வெள்ளி

விடியவிடிய விழித்திருந்தேன். திருநீறு கொண்டுவந்தார்கள், கைகூப்பி வேண்டாம் என்றேன், அதோடு விட்டுவிட்டார்கள். மன்மதன் எரிந்ததும் ரதியின் புலம்பல் தொடங்கியது பாருங்கள், அது கூத்துப்பாட்டு மாதிரியே இல்லை, மரண வீட்டில் கேட்கிற ஒப்பாரியேதான், என் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் கதையில் வரும் மன்மதனுக்காக அழவில்லை என்று நன்றாகவே தெரிந்தது. ஒருத்தி கொழும்பில் வேலைக்குப் போய் இறந்த மகன் பேரைச் சொல்லியே அழுதாள்.

1854-இல் கண்டியில் தோட்டத் தமிழர்களுக்கான கிறிஸ்தவ ஊழியமாகத் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிய காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் இந்த மலைகளுக்கு வந்திருக்கிறார்கள். இத்தனை காலத்துக்குப் பிறகும் பெரிய வெள்ளிக்கு எங்கள் ஆலயத்தில் எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து அமைதியாகப் பாடிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். மகனைப் பறிகொடுத்த மரியாள் அப்படியா நின்றிருப்பாள்?

மார்ச் 16, ஞாயிறு

வாத்தியாரிடம் கேட்டேன், அந்த மெட்டில் மரியாள் புலம்பலை எங்கள் பெண்கள் பாடலாமா என்று. "மெட்டு யாரோட சொத்தும் இல்ல ஐயா. ஆனா அவசரமாப் பாடக்கூடாது" என்றார். ஏப்ரல் 18 பெரிய வெள்ளி. கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சமைத்து முடிக்கவே பெண்களுக்கு இருட்டிவிடும், அதனால் இரவு எட்டு மணிக்குப் பயிற்சி வைத்திருக்கிறோம். சொல்லிக்கொடுக்கப் போவது பின்பாட்டுக்காரப் பையன். வரிகளை அவனுடைய அம்மாதான் கட்டுகிறார், முதல் நாலு வரி இன்று வந்துவிட்டது.