மிச்சமாகும் ஒற்றை இருக்கை

ஊரிலிருந்து உறவினர் சிங்கப்பூருக்கு வரும்போதெல்லாம், செந்தோசாத் தீவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கு அவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிடுகிறது. அப்படிப் போன ஒரு பள்ளி விடுமுறை நாளில்தான், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரியின் வாசலில் ‘சிங்கிள் ரைடர்’ (தனியாள் வரிசை) என்று எழுதியிருந்த வழியை முதன்முதலாகக் கவனித்தேன். தனியாக வந்தவர்களுக்கு ஏதோ சலுகை தருகிறார்கள் போலும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அது சலுகையே அல்ல, இருக்கைக் கணக்கு என்பது பிறகுதான் புரிந்தது.

அந்தச் சவாரியின் வண்டியில் ஒரு வரிசைக்கு நான்கு பேராக, மூன்று வரிசைகளில் 12 பேர் அமரலாம். ஆனால் மனிதர்கள் நான்கு நான்காக வருவதில்லை. மூன்று பேர் கொண்ட ஒரு குடும்பமும் அதற்குப் பின்னால் ஒரு கணவன் மனைவியும் நின்றால், முதல் குடும்பத்தின் பக்கத்தில் ஓர் இருக்கை மிஞ்சும். கணவனை மட்டும் அதில் உட்காரச் சொன்னால் மனைவியின் முகம் மாறும். தனியாள் வரிசை இல்லாத இடத்தில், ஏற்றிவிடும் ஊழியர் பொது வரிசையைப் பார்த்து ‘ஒருவர் மட்டும் யாராவது இருக்கிறீர்களா?’ என்று குரல் கொடுக்க வேண்டும். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவர் கையை உயர்த்தி, மற்றவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வருவதற்குள் வண்டி கிளம்பும் நேரம் வந்துவிடும். ஒரு வண்டி தாமதித்தால் பின்னால் வரும் வண்டிகளும் நிற்க வேண்டியிருக்கும் என்பதால், ஊழியர் பெரும்பாலும் அந்த இருக்கையைக் காலியாகவே அனுப்பிவிடுவார். கல்யாணப் பந்தியில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஓர் இலை மட்டும் காலியாக இருக்கும்போது, வாசலில் தனியாக நிற்பவரைக் கைகாட்டி அழைப்பார்கள் அல்லவா? அப்படி அழைப்பதற்கென்றே சிலரைப் பக்கத்தில் தயாராக நிறுத்திவைக்கும் ஏற்பாடுதான் தனியாள் வரிசை.

இதனால் எவ்வளவு மிச்சமாகிறது என்பதற்கு, நானே வைத்துக்கொண்ட ஒரு கற்பனைக் கணக்கைச் சொல்கிறேன். 12 இருக்கைகள் கொண்ட வண்டி அரை நிமிடத்துக்கு ஒன்றாகக் கிளம்பினால், ஒரு மணி நேரத்தில் 1,440 பேர் போகலாம். வண்டிக்கு ஓர் இருக்கை வீணானால் 1,320 பேர்தான் போக முடியும். வரிசையில் 1,320 பேர் நிற்கிறார்கள் என்றால், கடைசியில் நிற்பவருக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு. அவர்களில் போதுமான பேர் தனியாள் வரிசைக்கு மாறி, காலி இருக்கை அத்தனையும் நிரம்பிவிட்டால், அதே கூட்டம் 55 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஐந்து நிமிடம் பெரிதா என்று கேட்கலாம். ஆனால் அந்த ஐந்து நிமிடம், தனியாகப் போக விரும்பாமல் பொது வரிசையிலேயே நிற்கும் குடும்பத்துக்கும் கிடைக்கிறது என்பதே எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். கூடுதலாகப் பணம் கட்டி வாங்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் அப்படிப்பட்டதல்ல. அதில் முன்னால் போகிறவர், பொது வரிசையில் நிற்கும் ஒருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இருக்கையில்தான் அமர்கிறார். இருக்கைகளில் பாதியை அவர்களுக்கு ஒதுக்கினால், பொது வரிசை நகரும் வேகமும் பாதியாகிவிடும். தனியாள் வரிசையில் போகிறவரோ, எப்படியும் காலியாகப் போகவிருந்த இடத்தில் அமர்கிறார்.

இதே கணக்கில் ஓர் ஏமாற்றமும் ஒளிந்திருக்கிறது. வண்டிக்கு ஓர் இருக்கை என்றால், தனியாள் வரிசை நிமிடத்துக்கு இரண்டு பேர் வீதம்தான் நகரும். 20 பேர் நின்றால் பத்து நிமிடம்; 120 பேர் நின்றால், பொது வரிசைக்காரருக்கு ஆகும் அதே ஒரு மணி நேரம். வெளிநாட்டுப் பூங்கா ஒன்றில் நான் இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். இருவர் இருவராக அமரும் ரோலர் கோஸ்டர் அது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இளம் ஜோடிகள். ஒற்றைப்படை எண்ணிக்கையில் குழுக்கள் வந்தால்தானே அங்கே இருக்கை மிஞ்சும்? பொது வரிசையில் எனக்குப் பிறகு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஏறிப் போனதை, அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, நிற்பதற்கு முன் வண்டியின் அமைப்பைப் பார்ப்பது நல்லது. கலிஃபோர்னியாவின் டிஸ்னி பூங்காவில் 2012இல் திறக்கப்பட்ட ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் ரேசர்ஸ் காரில், வரிசைக்கு மூன்றாக ஆறு இருக்கைகள். நால்வர் குடும்பம் ஏறினால் இரண்டு மிஞ்சும், கணவனும் மனைவியும் ஒரு வரிசையில் அமர்ந்தால் ஒன்று மிஞ்சும். தனியாகப் போகிறவருக்கு இதைவிட வாகான வண்டி வேண்டியதில்லை. ஃபுளோரிடாவில் உள்ள எவரெஸ்ட் ரோலர் கோஸ்டர் ரயிலில் 34 பேர் போகலாம் என்றாலும், இருவர் இருவராக அமர்வதால் அங்கே ஒற்றைப்படைக் குழுக்களைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

இந்த வழியில் இழப்பதும் உண்டு. ஆர்லாண்டோவில் ஹாரி பாட்டர் கோட்டைக்குள் ஓடும் சவாரியில், கோட்டையின் அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நகர்வதுதான் பாதிச் சுவை. தனியாள் வழி அவற்றில் பெரும்பகுதியைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறது. டிஸ்னி பூங்காக்களில் 2019இல் வந்த மில்லேனியம் ஃபால்கன் என்ற ‘ஸ்டார் வார்ஸ்’ விண்கலச் சவாரியில், கலத்தை ஓட்டும் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு வேலை உண்டு. விமானி இருக்கையைக் குடும்பத்தினர் பிடித்துக்கொள்வதால், தனியாக வருபவருக்குப் பெரும்பாலும் பின்னால் இருக்கும் பொறியாளர் இருக்கைதான் மிஞ்சும். பெரியவர் துணை கட்டாயம் என்று விதி உள்ள உயரத்தில் இருக்கும் சிறு பிள்ளைகளுக்கு இந்த வழியே கிடையாது. எனவே முதல் முறை எல்லோரும் சேர்ந்து பொது வரிசையில் போவது, இரண்டாம் முறை வேண்டுமென்றால் பிரிந்து போவது என்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

‘குடும்பமாக வந்துவிட்டு இப்படி ஆளுக்கொரு பக்கம் போவதா?’ என்று என் அக்கா ஒவ்வொரு முறையும் கேட்பார். சவாரி ஓடும் சில நிமிடங்களில் கத்துவதைத் தவிர யாரும் யாரோடும் பேசுவதில்லை என்பது என் பதில். அதை அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அண்மையில் அவருடைய மகள் அந்த வழியில் போய், முன்பின் தெரியாத மூவருக்குப் பக்கத்தில் நான்காவது ஆளாக அமர்ந்தாள். வெளியே வந்தபோது, சவாரியின் நடுவே எடுத்த படத்தை அந்தக் குடும்பத்தினர் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். படத்தின் ஓரத்தில், கண்ணை இறுக மூடி வாயைப் பிளந்தபடி எங்கள் பெண்ணும் இருந்தாள்.