30 மடிப்பு லினன் ஜாக்: ஒரு கை பாக்கி

உடம்பின் நான்கு துண்டும் தைத்தாயிற்று. முன்திறப்பில் கயிறு கோக்கும் துளைகளும் முடிந்தன. வலது கை பொருத்தியாயிற்று. இடது கை, கழுத்துப்பட்டை, தோல் போர்வை பாக்கி.

ஜாக் என்பது 15-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் சாதாரண வில்லாளிகள் போட்டுக்கொண்ட துணிக்கவசம். இங்கே செய்முறைக்கு ஆதாரம், பிரான்ஸ் மன்னர் பதினோராம் லூயி (ஆட்சிக்காலம் 1461–1483) பெயரில் வழங்கும் ஆணை. 30 மடிப்புத் துணி, குறைந்தது 25. மேலே ஒரு கலைமான் தோல். இந்த வரியை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள், அதோடு நிறுத்தியும் விடுவார்கள். வேலையில் இறங்கினால் தெரியும், ஆணையின் சாரமே அதற்கு அடுத்த வரிகளில்தான் இருக்கிறது. துணி உடுத்திப் பழகி இளகியதாக இருக்க வேண்டும். ஜாக்கை நான்கு துண்டாகத் தைக்க வேண்டும். ஆர்ம்ஹோல் (கையைப் பொருத்தும் திறப்பு) தோள் எலும்பின் மேல் வராமல் கழுத்தை ஒட்டி வர வேண்டும், அக்குளில் தாராளம் வேண்டும். கழுத்துப்பட்டை பின்னால் உயரக் கூடாது. இதை எழுதியவர் தையல்காரராகவோ, தையல்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டவராகவோதான் இருக்க வேண்டும்.

முதலில் துணி. 150 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 150 கிராம்) லினன் எடுத்தால் 30 மடிப்புக்குச் சதுர மீட்டருக்கு 4.5 கிலோ. 110 செ.மீ. சுற்றளவு, 70 செ.மீ. நீளம் என்றால் உடம்புக்கு ஏறக்குறைய 0.77 சதுர மீட்டர், அதாவது மூன்றரைக் கிலோ. இரண்டு கைகளுக்கு இன்னும் இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கழுத்து, முன்பட்டி, தோல் எல்லாம் சேர்த்தால் ஏழு கிலோவை நெருங்கும். சேதாரம் ஐந்தில் ஒரு பங்கு போட்டால், 58 அங்குல அகலத் துணி 33 மீட்டராவது வேண்டும்.

லினன் விலையைப் பார்த்துவிட்டுப் பழைய வேட்டிக்குப் போகத் தோன்றும். தோன்றுவதில் தப்பில்லை, உடுத்திப் பழகிய துணி என்ற நிபந்தனைக்கு வேட்டியை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் 30 என்ற எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டால் ஏமாற்றம்தான். பருத்தி வேட்டி 100 ஜி.எஸ்.எம். அளவில்தான் இருக்கும். அதே கனத்துக்கு 45 மடிப்பு வேண்டும். 32 × 75 செ.மீ. துண்டாக வெட்டினால் எட்டு முழ வேட்டி ஒன்றில் 13 துண்டு தேறும். நான்கு பாகத்துக்கும் 180 துண்டு. உடம்புக்கு மட்டும் 14 வேட்டி. கஞ்சி போன பிறகுதான் எடை போட வேண்டும். கஞ்சியோடு எடை போட்டால் கணக்கு உதைக்கும், கஞ்சி ஏறிய துணியில் ஊசியும் இறங்காது. லினனானாலும் வேட்டியானாலும் வெந்நீரில் ஒரு முறை ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கத்தரி.

இந்த வேலையில் ஆளை ஏமாற்றும் இடம் வளைவு. முப்பது துண்டையும் ஒரே அளவில் வெட்டி, மேஜைமேல் தட்டையாக அடுக்கித் தைத்தால் பார்க்க அழகாக இருக்கும். உடம்பில் சுற்றினால் உள்மடிப்புகள் சுருங்கிப் புடைத்துக்கொண்டு விலாவில் குத்தும். காரணம் எளிய கணக்கு. கனம் 10 மி.மீ. என்றால் உள்சுற்றுக்கும் வெளிச்சுற்றுக்கும் உள்ள வித்தியாசம் 2 × 3.14 × 10, கிட்டத்தட்ட 63 மி.மீ. நான்கு பாகத்துக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 16 மி.மீ. முப்பது அளவில் தனித்தனியாக வெட்டத் தேவையில்லை. பத்துப் பத்தாக மூன்று கட்டாகப் பிரித்து, நடுக்கட்டை உள்கட்டைவிட 5 மி.மீ., வெளிக்கட்டை 10 மி.மீ. அகலமாக வெட்டினால் போதும். ஒவ்வொரு கட்டையும் தனியாக ஓட்டுத்தையலில் பிடித்துவிட்டு, மூன்றையும் சேர்க்கும்போது சுருட்டிய போர்வையின் மேல் வளைத்துப் போட்டுத் தைக்க வேண்டும். ஜாக்கை நான்கு துண்டாகச் செய்யச் சொன்னதன் அருமை இங்கேதான் தெரிகிறது: ஒவ்வொரு துண்டையும் அதனதன் வளைவிலேயே தைத்து முடித்துவிடலாம்.

வீட்டுத் தையல் மெஷின் பத்து மடிப்புக் கட்டுக்கே முனகும், மூன்று கட்டும் சேர்ந்தால் ஊசி முறியும். ஆகவே கைத்தையல்தான். நேரான கோணி ஊசி, தேன்மெழுகு தடவிய லினன் நூல், செருப்புத் தைப்பவர்களின் குத்தூசி, ஊசியை இழுக்க ஒரு குறடு. குத்தூசியால் வழி செய்துவிட்டு ஊசியைச் செங்குத்தாக இறக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் மேலே நேராக ஓடும் கோடு அடியில் அரை செ.மீ. அலையும். அடிப்பக்கம் உடம்பில் படும் பக்கம் என்பதால், அங்கே முடிச்சும் முரடும் சேர்ந்தால் தோலை அறுக்கும்.

கோட்டுக்குக் கோடு 25 மி.மீ., குத்துக்குக் குத்து 8 மி.மீ. உடம்புக்கும் கைகளுக்குமாகச் சேர்த்து 6,600 குத்து வரும். ஒரு குத்துக்கு 15 விநாடி என்று வைத்தாலே 27 மணி நேரத்துக்கு மேல். நெருக்கமாகப் போட்டால் உறுதி கூடும் என்று 12 மி.மீ. இடைவெளியில் ஒரு மாதிரித் துண்டு தைத்துப் பார்த்ததில் வந்தது அட்டைப்பலகை. நூல் இறுக இறுகத் துணி தன் மெத்தைத்தனத்தை இழந்துவிடுகிறது. 1483-இல் லண்டனில் இருந்த டொமினிக் மான்சினி என்ற இத்தாலியர், இங்கிலாந்து வீரர்கள் நார்த்துணுக்கு திணித்த அங்கி அணிந்ததையும், அங்கி மென்மையாக இருக்க இருக்க அம்பையும் வாளையும் நன்றாகத் தாங்கும் என்று அவர்கள் சொன்னதையும் எழுதிவைத்திருக்கிறார். அது திணித்த வகை, இது அடுக்கிய வகை. ஆனாலும் சங்கதி ஒன்றுதான்.

2 கிலோ எடையில் சதுர ஆணியைப் பொருத்தி, குழாய் வழியாக 1 மீட்டர் உயரத்திலிருந்து மாதிரித் துண்டுகளின் மேல் விட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். தளர்வான துண்டில் மேல்மடிப்புகள் உள்ளே குழிந்து ஆணியின் வேகத்தைத் தின்றுவிடுகின்றன. இறுக்கமான துண்டில் அதே ஆணி இன்னும் ஆழமாகப் போகிறது. தையல் கோட்டின் மேலேயே விழுந்தால் இரண்டுமே மோசம். இது வெறும் 20 ஜூல்தான். கனமான போர்வில்லிலிருந்து வரும் அம்பு இதைப்போல் பல மடங்கு. துண்டோடு துண்டை ஒப்பிடத்தான் இந்தச் சோதனை. இதை வைத்து ‘அம்பைத் தாங்கும்’ என்று யாரும் சான்றிதழ் கொடுத்துவிட வேண்டாம்.

விளிம்புதான் அடுத்த தலைவலி. சாதாரணச் சட்டைபோல மார்ஜின் விட்டு உள்ளே மடித்தால் மூட்டுவாயில் 60 மடிப்பு சேரும். அதனால் ஒவ்வொரு துண்டிலும் மேல்துணியையும் அடித்துணியையும் மட்டும் 2 செ.மீ. கூடுதலாக விட்டு, விளிம்பைச் சுற்றி மூடித் தனித்தனியாக முடித்துவிட வேண்டும். பிறகு விளிம்போடு விளிம்பை முட்டவைத்து, இரட்டை நூலில் சுற்றித் தைக்கலாம். முன்திறப்பில் துளைகளை வெட்டக் கூடாது. குத்தூசியால் இழைகளை விலக்கி, சுற்றிலும் நூல் கட்ட வேண்டும். வெட்டிய துளை கயிற்றின் இழுப்பில் கிழிந்துகொண்டே போகும். 4 செ.மீ.க்கு ஒரு துளை, ஒரே கயிறு சுருளாக ஏறும். திறப்புக்குப் பின்னால் ஜாக் அளவுக்கே கனமான ஒரு தொங்குபட்டி வேண்டும் என்று ஆணை சொல்கிறது. அதைச் சேர்த்து மூடிப் பார்த்தால் நெஞ்சில் 2 செ.மீ. கனம். மூச்சு வாங்குகிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டே கயிற்றின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும்.

கைக்கு வருவோம். முதலில் ஒரே ஒரு பத்து மடிப்புக் கட்டில் வெள்ளோட்டம் பார்ப்பது நல்லது. வழக்கமான சட்டை ஆர்ம்ஹோலோடு இரண்டு கையையும் தூக்கினால் ஜாக் முழுதும் மேலே ஏறி மோவாயில் இடிக்கிறது. ஆர்ம்ஹோலை 4 செ.மீ. கழுத்துப்பக்கம் நகர்த்தி, அக்குளில் 12 செ.மீ. சதுரத் துண்டு வைத்தால் இடுப்பு விளிம்பு அவ்வளவாக அசைவதில்லை. வில்லைக் காதுவரை இழுக்க வேண்டியவனுக்கு இது இல்லாமல் ஆகாது. முழங்கை வேறு கதை. அதே 63 மி.மீ. வித்தியாசம் இங்கே சின்னக் குழாயில் வருவதால் நேராக வெட்டிய கை மடங்கவே மடங்காது. கையை முன்கூட்டியே சற்று வளைத்து வெட்டி, முழங்கைப் பக்கத்தில் மட்டும் தையல் கோடுகளைக் குறுக்காக ஓட்டினால் அந்தக் கோடுகளே கீலாக வேலை செய்யும். வலது கை அப்படித்தான் சரிக்கு வந்தது.

தோல் விஷயத்தில் ஆணையைப் பின்பற்ற வழியில்லை. இந்தியாவில் மான்தோல் வாங்குவதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆட்டுத்தோல், 1 மி.மீ. கனத்தில், உடம்புக்கு மட்டும் போதும். கைகள் உடம்பளவுக்கே கனமாக இருக்க வேண்டும், ஆனால் தோல் வேண்டாம் என்பது ஆணையிலேயே இருக்கிறது.

கழுத்துப்பட்டைக்கு வெட்டிய முதல் காகித அளவு பின்னால் 7 செ.மீ. உயரம். சாலெட் தலைக்கவசத்துக்குப் பின்பக்கம் வால் நீண்டிருக்கும். அண்ணாந்து பார்த்தால் வால் பட்டையில் முட்டிக் கவசத்தை முன்னே தள்ளி, கண்ணை மறைத்துவிடுகிறது. பின்னால் 4 செ.மீ.க்கு இறக்கி, பக்கங்களை மட்டும் 6-லேயே விட்டு மறுபடி வெட்டியாயிற்று. இடது கை முடிந்த பிறகே அதை மூட்ட வேண்டும்.