தபால் பெட்டியில் அப்பாவின் பெயர்

2023 அக்டோபரில், ஒரு சனிக்கிழமை இரவு, பிராங்க்பர்ட்டிலிருந்து ரயிலேறி ஆஹன் நகரில் இறங்கினேன். ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், நெதர்லாந்தும் பெல்ஜியமும் வந்து சேரும் முனையில் இருக்கும் ஊர் அது. மறுநாள் ஞாயிறு என்பதால் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. அறையில் உடன் தங்கியிருந்த திருச்சி அண்ணன் என்னைப் பேருந்தில் வால்ஸ் என்ற சிற்றூருக்கு அழைத்துப் போய் அரிசியும் பாலும் வாங்கித் தந்தார். வால்ஸ் நெதர்லாந்தில் இருக்கிறது என்பதைத் திரும்பும் வழியில்தான் சொன்னார். கடவுச்சீட்டை யாரும் கேட்காமல் இன்னொரு நாட்டுக்குப் போய்ப் பால் வாங்கி வந்ததை அம்மா நெடுநேரம் நம்பவில்லை.

நகரின் நடுவே எலீசன்புருன்னன் என்னும் தூண் மண்டபத்தில், ஏறத்தாழ 52 பாகைச் சூட்டில் கந்தக நீர் வந்துகொண்டே இருக்கிறது. அழுகிய முட்டை வாடை என்று பலர் மூக்கைப் பிடித்துக்கொண்டாலும், அந்த வெந்நீரை விரும்பித்தான் மாமன்னர் சார்லமேன் இங்கே தங்கினார் என்கிறார்கள். சில நிமிடங்கள் நடந்தால் அவர் எழுப்பிய தேவாலயம் வந்துவிடும். 814இல் அவரை அங்கேயே அடக்கம் செய்தார்கள். குளிர் ஏறத் தொடங்கிய அந்த மாதத்தில் வகுப்பு முடிந்து வரும் வழியில் அந்நீரின் ஆவியருகே நின்றுவிட்டுத்தான் அறைக்குப் போவேன்.

ஆனால் அந்த அறைதான் என் சிக்கலாக இருந்தது. ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறியவர் இரண்டு வாரத்துக்குள் தம் முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு, இவர் என் வீட்டில் குடியிருக்கிறார் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் தேவை. நான் தங்கியிருந்த அறையை உள்வாடகைக்கு விட்டவரோ, அதில் கையெழுத்திட முடியாது என்று நான் வந்த பிறகு சொன்னார். அப்பா கடன் வாங்கி முடக்கக் கணக்கில் (செலவுப் பணத்தை முன்கூட்டியே கட்டிவைத்து, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு) கட்டியிருந்த 11,208 யூரோவிலிருந்து மாதம் 934 யூரோ வரத் தொடங்குவதற்கும், விசா முடிவதற்குள் வசிப்பிட அனுமதி கேட்பதற்கும் அந்தப் பதிவுச் சான்று எனக்கு வேண்டியிருந்தது. கையில் கொண்டுவந்த பணம் நாளுக்கு நாள் கரைய, படிப்பில் மனம் ஒட்டவே இல்லை. வெளிநாடு வரும் தம்பி தங்கைகள் முன்பணம் அனுப்புவதற்கு முன்பே, பதிவுக்கான கையெழுத்து கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும் என்று இங்கே வற்புறுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது வாரத்தில் புர்ட்ஷைட் பகுதியில், தனியாக வாழும் மூதாட்டி ஒருவரின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. சாவியைத் தருவதற்கு முன்பே அவர் படிவத்தை நிரப்பி வைத்திருந்தார். அலுவலகத்தில் பதிவு பத்து நிமிடத்தில் முடிந்தது. வீடு திரும்பியதும் அவர் என்னை வாசலுக்கு அழைத்து, தபால் பெட்டியில் பெயர் ஒட்டச் சொன்னார். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் வந்து சேராது.

கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் என் தலைப்பெழுத்தை விரித்து அப்பாவின் பெயரைத்தான் எழுதியிருந்தோம். இங்கே எல்லாரும் என்னை அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். பெட்டியில் ஒட்ட வேண்டியதும் அதுவே. ஈரோட்டைத் தாண்டி வேலைக்குப் போயிராத அப்பாவின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சில நாட்களில் 11 இலக்க வரி எண் தாங்கிய கடிதம் அந்தப் பெயருக்கு வந்தது. பெட்டியையும் கடிதத்தையும் படமெடுத்து அனுப்பினேன். அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உடனே அழைத்தார்.

"மழை பட்டா மை கரைஞ்சிடும்ப்பா. மேல செலோடேப் ஒட்டிடு."

அன்று மாலையே ஒட்டினேன்.