வால்வு நோய் என்று முடிவு கட்டும் முன்

மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் 40 வயதுப் பெண் மூச்சிரைப்போடு வந்து, மைட்ரல் மர்மரும் (இதயத்தின் இடப்பக்க வால்வில் கேட்கும் இரைச்சல்) கேட்டால், 'ருமாட்டிக் வால்வு' (ருமாட்டிக் காய்ச்சலால் கெட்ட வால்வு) என்று எழுதத்தான் கை போகும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் இடது ஏட்ரியத்தில் (இதயத்தின் மேலறை) வளரும் மிக்சோமா என்ற புற்றில்லாத கட்டியும் அதே வேஷம் கட்டும். எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்காமல் 3 வாரத்துக்கொரு பென்சிலின் ஊசியைத் தொடங்கிவிடாதீர்கள்.

இதயத்திலேயே முளைக்கும் கட்டி அபூர்வம். வேறு உறுப்பின் புற்றுநோய் அங்கே பரவுவதுதான் பல மடங்கு அதிகம். முளைப்பவற்றில், பெரியவர்களுக்கு முதலிடம் மிக்சோமா. நாலில் மூன்று இடது ஏட்ரியத்தில், நடுச்சுவரில் ஃபோசா ஒவாலிஸ் என்ற குழிவின் அருகே காம்பு விட்டுத் தொங்கும். வால்வு வாயில் இறங்கி அடைப்பதால், உடல் இருக்கும் கோணம் மாறினால் மூச்சிரைப்பும் மர்மரும் மாறலாம். குனிந்து நாற்று நடும்போது எப்படி, புரண்டு படுத்தால் எப்படி என்று கேளுங்கள். காய்ச்சல், எடைக் குறைவு, ஏறிய ஈ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) என்று வந்தால் எண்டோகார்டைட்டிஸ் (இதய உள்சவ்வில் கிருமித் தொற்று) என்றே தோன்றும். கட்டி சுரக்கும் இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதம் செய்யும் வேலை அது.

நாடி சீராக உள்ள இளவயதினருக்குத் திடீரென்று பக்கவாதமோ, கால் ரத்தக்குழாயில் அடைப்போ வந்தால் இதயத்தைப் பாருங்கள்; அங்குள்ள கட்டியின் துண்டு உடைந்து வந்திருக்கலாம். காலிலிருந்து எடுத்ததை வெறும் ரத்தக்கட்டி என்று வீசாமல் 10% ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போட்டு பேத்தாலஜிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்புங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மிக்சோமாவை வெட்டினால் நுங்குபோல் கொழகொழப்பு, நடுவே ரத்தக்கசிவு, சில இடத்தில் கால்சியம். மேற்பரப்பு இழை இழையாக இருந்தால் உடைந்து ரத்தத்தோடு ஓடும். மைக்ராஸ்கோப் ஸ்லைடில் நட்சத்திர வடிவ செல்கள், ரத்தக்குழாயைச் சுற்றி வளையமாக நிற்கும் செல்கள், ஹீமோசிடரின் (பழைய ரத்தக்கசிவு விட்ட இரும்பு நிறமி). ஒரே துண்டு எடுத்தால் பழைய ரத்தக்கட்டி போலவே தெரியும். பல இடத்தில் எடுங்கள், காம்பின் அடியை விட்டுவிடாதீர்கள். கால்ரெட்டினின் என்ற புரதத்தைக் காட்டும் சாயம் ஏறினால் மிக்சோமா பக்கம் உறுதியாகச் சாயலாம்.

ரத்தக்குழாய் செல்களின் புற்றுநோயான ஆஞ்சியோசார்கோமா வேறு ரகம். வலது ஏட்ரியத்தில் வளர்ந்து, இதய உறையில் ரத்தம் கலந்த நீர் சேர்க்கும். நம் ஊரில் அதை டி.பி. என்று எண்ணி உடனே மருந்து தொடங்கிவிடுகிறோம். அந்த நீரில் புற்றுசெல் தெரியவில்லை என்பதை நம்பி விட்டுவிடக்கூடாது. நீர் மறுபடி சேர்ந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும்.

குழந்தைகளிடம் வருவது ராப்டோமயோமா என்ற இதயத் தசைக் கட்டி. பெரும்பாலும் தானே சுருங்கும். அடைப்போ துடிப்புக் கோளாறோ இல்லையென்றால் கத்தி வேண்டாம். ட்யூபரஸ் ஸ்க்ளிரோசிஸ் (பல உறுப்புகளில் கட்டி வரும் மரபு நோய்) இருக்கிறதா என்று தோலையும் மூளையையும் பாருங்கள்.

மிக்சோமாவை எடுக்கும்போது காம்போடு நடுச்சுவரிலும் கொஞ்சம் சேர்த்து எடுப்பார்கள். இளவயது, பல கட்டிகள், உதட்டில் கரும்புள்ளிகள் என்றால் கார்னி காம்ப்ளெக்ஸ் என்ற மரபு நோயாக இருக்கலாம்: மறுபடி முளைக்கும் வாய்ப்பு அதிகம். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் எக்கோ எடுக்கச் சொல்லுங்கள்.